காயிலை மாட்டும் முன் பேட்டரிக்கு ஒரு கணக்கு

இந்தியாவில் 2019 முதல் இ-சிகரெட் விற்பனைக்குத் தடை. சிங்கப்பூரிலும் தடைதான். பிரிட்டன் போல சட்டப்படி கிடைக்கும் இடங்களில் இருந்துகொண்டு, காயிலை (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருள்) தாங்களே சுற்றிப் பார்க்க நினைக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மெக்கானிக்கல் மாட் என்பது இ-சிகரெட்டில் ஒரு வகை; வெறும் உலோகக் குழாய். உள்ளே 18650 என்ற அளவிலான லித்தியம் பேட்டரி ஒன்று, மேலே காயில், ஒரு பொத்தான். சர்க்யூட் எதுவும் இல்லாததால் தப்பு நடந்தால் தடுக்கவும் ஒன்றும் இல்லை. 2018 மே மாதம் ஃபுளோரிடாவில் ஒருவர் இந்த வகைக் கருவி வெடித்து உயிரிழந்தார். தொடக்கத்திலேயே இதை வாங்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. வாங்கிவிட்டீர்களா? சரி, பொத்தானை அழுத்தும் முன் இவற்றைச் செய்யுங்கள்.

முதலில் காயிலை ஓம் மீட்டரில் வைத்து அளந்து பாருங்கள். கம்பியின் நுனி எங்காவது உலோகத்தில் உரசினாலும் அளவு சட்டென்று இறங்கிவிடும். எண் நிலையாக நிற்கும்வரை பேட்டரியைத் தொட வேண்டாம்.

அடுத்து, 4.2ஐ அந்த ஓம் அளவால் வகுங்கள். பேட்டரியில் 3.7 என்று எழுதியிருக்கும். ஆனால் முழு சார்ஜில் இருப்பது 4.2 வோல்ட். 0.5 ஓம் என்றால் 8.4 ஆம்பியர், 0.2 என்றால் 21, 0.1 என்றால் 42.

இப்போது பேட்டரியின் தாங்கு திறனை, அதாவது தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தரும் என்பதை, பாருங்கள். பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மில்லிஆம்பியர்-மணி என்பது தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்வது; குழாய் எவ்வளவு வேகத்தில் கொட்டும் என்பது வேறு. சாம்சங் 25ஆர் என்ற பேட்டரி 2500தான், ஆனால் தொடர்ந்து 20 ஆம்பியர் தரும். அதே நிறுவனத்தின் 30க்யூவில் 3000 இருந்தும் 15தான். ‘பல்ஸ்’ (சில நொடிகளுக்கு மட்டும்) என்று போட்டிருக்கும் பெரிய எண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 9900 என்று அச்சடித்த 18650 போலி, அதை வாங்கவே வேண்டாம்.

ஆக, 0.2 ஓம் காயில் 25ஆருக்கே அதிகம். நான் எப்போதும் ஐந்தில் ஒரு பங்கை விட்டுவிடுவேன்: 20 ஆம்பியர் பேட்டரி என்றால் 16க்குள். 0.3 ஓம் வைத்தால் 14தான் வரும், போதும்.

சர்க்யூட் உள்ள மாட் என்றால் கணக்கு வேறு. வாட்டை 3.2ஆல் (சார்ஜ் தீரும் நேரத்து வோல்ட்) வகுங்கள். ஒற்றை பேட்டரியில் 60 வாட் என்றால் கிட்டத்தட்ட 19 ஆம்பியர்.

அப்புறம் பேட்டரியின் பிளாஸ்டிக் உறை. வெளிச்சத்தில் பிடித்து, பாசிட்டிவ் முனையின் விளிம்பை நகத்தால் மெதுவாக ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். முனையைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று தெரியும். அதைத் தாண்டினால் பேட்டரியின் உடம்பு முழுக்க நெகட்டிவ். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அங்கே உறை கிழிந்திருந்தால் குழாயின் உலோகம் பட்டு ஷார்ட் ஆகும். புது உறை மாட்டாமல் அதை உள்ளே போடாதீர்கள். உடம்பு நசுங்கியிருந்தால் உறை மாற்றியும் பயனில்லை, பேட்டரி சேகரிப்பு மையத்தில் கொடுத்துவிடுங்கள்.

உதிரி பேட்டரியைச் சட்டைப்பையில் சாவி, சில்லறையோடு போடவே கூடாது. அதற்கென்று சின்ன பிளாஸ்டிக் பெட்டி கிடைக்கும்; பேட்டரி வாங்கும் அன்றே அதையும் வாங்கிவிடுங்கள்.