1981 பேசிக் பெட்டி: பார்த்து வாங்க, பத்திரமாக வைக்க, மறுபடி ஆட

ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதன் பழைய பதிப்புகளைச் சேர்க்க ஆசைப்படுகிறவர்களின் கண் முதலில் 1974 பெட்டி மேல்தான் விழும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் எழுதிய மூன்று சிறு புத்தகங்கள், மரப்பலகை போல அச்சிட்ட அட்டைப்பெட்டி, முதல் அச்சு 1,000 பிரதி அளவில். விலையை விடுங்கள், அதைப் படித்து ஆட்டத்தைக் கற்பதே பெரும்பாடு. போர் விளையாட்டு தெரிந்தவர்களுக்காக எழுதியது அது. ஆடவும் வேண்டும், அலமாரியில் வைக்கவும் வேண்டும் என்றால் டாம் மோல்ட்வே தொகுத்த 1981 பேசிக் பெட்டியில் தொடங்குங்கள். விதிகள் மொத்தம் 64 பக்கம். ஏராளமாக அச்சிட்டு விற்றதால் இன்றும் தேடினால் கிடைக்கிறது.

'பேசிக் செட்' என்ற பெயரில் மூன்று பெட்டிகள் உண்டு, விற்பவர்களே குழப்பிக்கொள்கிறார்கள். 1977 பெட்டியில் விதிநூல் நீல அட்டை. 1983 பெட்டி சிவப்பு, மேலே லாரி எல்மோர் வரைந்த செந்நிற டிராகன். உள்ளே இரண்டு நூல்கள், தனி மாட்யூல் (ஆடுவதற்கான கதைக்களப் புத்தகம்) கிடையாது. நமக்கு வேண்டிய 1981 பெட்டி கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம். அட்டையில் ஏரோல் ஓட்டஸ் வரைந்த பச்சை டிராகன் தண்ணீரிலிருந்து எழும். இன்னொரு பொறி: எல்மோர் படத்தையே போட்டு 2010-ல் ஒரு சிவப்புப் பெட்டி வந்தது. உள்ளே இருப்பது நான்காம் பதிப்பு விதிகள். 'ரெட் பாக்ஸ்' என்று மட்டும் சொல்லி விற்றால் உட்பக்கப் படம் கேளுங்கள்.

முழுப் பெட்டி என்றால் சிவப்பு அட்டை விதிநூல், பி2 மாட்யூலான 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்', ஆறு பகடைகள் (4, 6, 8, 10, 12, 20 முகம்), ஒரு கிரேயான். பகடை எண்கள் பள்ளமாக மட்டும் இருக்கும். கிரேயானைத் தேய்த்து, மேலே துடைத்தால் பள்ளத்தில் மெழுகு நின்று எண் தெரியும். 'கம்ப்ளீட்' என்று விற்பதில் பகடை வேறு பெட்டியுடையதாக இருப்பது சகஜம். ஆடத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அதற்காகப் பேரம் பேசலாம், வாங்காமல் விட வேண்டாம்.

பணம் கட்டும் முன் ஐந்து படம் கேளுங்கள்: மூடியின் நான்கு மூலைகள், பெட்டியின் உள் அடிப்பாகம், விதிநூலின் நடுப்பக்க ஸ்டேப்பிள், மாட்யூல் அட்டையின் உட்புறம், பகடைகள். உள் அடியில் பழுப்புக் கறை வளையம் இருந்தால் தண்ணீர் பட்டது. ஸ்டேப்பிளைச் சுற்றிச் செம்பழுப்பு பரவியிருந்தால் துரு தாளைத் தின்னத் தொடங்கிவிட்டது. நடுத்தாள் ஒருநாள் கையோடு வரும். மாட்யூலின் அட்டை தனியாகக் கழன்று இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், அது அப்படியேதான் விற்றது. உட்புறத்தில் வெளிர்நீல வரைபடம் இருக்கும், ஆட்டத்தை நடத்துகிறவர் அதை எதிரே மறைப்பாக நிறுத்திக்கொள்ளலாம். வரைபடத்தில் பேனாக் குறிப்புகள் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத பெட்டிக்கு இரட்டிப்பு விலை கேட்டால் யோசியுங்கள். சுருங்கும் பிளாஸ்டிக்கை மறுபடி சுற்ற ஒரு சின்ன இயந்திரம் போதும்.

அனுப்பச் சொல்லும்போது பெட்டிக்குள் பெட்டியாகக் கட்டச் சொல்லுங்கள். உள்ளே பாதி காலியிடம் என்பதால்தான் பழைய மூடிகளின் மூலை கிழிகிறது. மேலே பாரம் ஏறினால் மூடி உள்வாங்கும். அதே காரணத்தால் வீட்டுக்கு வந்ததும் காலியிடத்தை அமிலமில்லாத அட்டை வெட்டி நிரப்புங்கள். நூல்களை பாலிப்ரொப்பிலீன் அல்லது மைலார் உறையில் போடுங்கள். பிவிசி உறை நாளடைவில் அட்டை மையோடு ஒட்டிக்கொள்ளும். செல்லோ டேப், லேமினேஷன் இரண்டும் வேண்டவே வேண்டாம். கிரேயானைச் சின்னக் கவரில் தனியே வையுங்கள், வெயில் காலத்தில் இளகிக் கறை போடும்.

சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு ஈரப்பதம்தான் முதல் எதிரி, ராமபாணப் பூச்சி அடுத்தது. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி கூடாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, சின்ன ஈரமானி ஒன்று வைத்து 45–55 சதவீதத்தில் நிறுத்துங்கள். அந்துருண்டை போட்டால் அந்த வாடை தாளை விட்டு லேசில் போகாது. பூஞ்சை வாடை அடிக்கிற நூலை, திறந்த கிண்ணத்தில் ஆப்ப சோடாவோடு மூடிய டப்பாவில் ஒரு வாரம் வையுங்கள். சோடா தாளில் படக்கூடாது.

இனி ஆட்டம். மூல நூலை மேசைக்குக் கொண்டுவராதீர்கள். அதே விதிகள் விலைக்கு பிடிஎஃப் ஆகக் கிடைக்கின்றன, தேவையான பக்கங்களை அச்செடுத்துக்கொண்டால் காபி கொட்டினாலும் கவலையில்லை.

பழைய ஆட்டத்தைத் திரும்ப எடுத்தவர்கள் 'எல்லாரும் உடனே செத்துப்போகிறார்கள்' என்று அலுத்துக்கொள்வதற்குக் காரணம், சண்டை விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதுதான். மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி நாலுமுகப் பகடையில் விழுவது. அடிபட்டு அது பூஜ்யமானால் மரணம். அதைச் சமன்செய்யும் விதிகள் வேறு பக்கங்களில் இருக்கின்றன. எதிர்ப்படும் கூட்டம் என்ன செய்யும் என்பதற்கு இரண்டு ஆறுமுகப் பகடை உருட்ட வேண்டும்: 2 விழுந்தால்தான் உடனடித் தாக்குதல், 12 என்றால் ஆர்வமான நட்பு, நடுவில் எல்லாம் பேசிப் பார்க்க இடமுண்டு. அடுத்தது மனவுறுதிச் சோதனை. எதிரியில் முதல் ஆள் விழும்போதும், பாதிப் பேர் விழும்போதும் அதே இரண்டு பகடை. காப்ளின் என்கிற குட்டிப் பூதத்தின் மனவுறுதி 7; அதைவிடக் கூடுதலாக விழுந்தால் ஓட்டம். எலும்புக்கூட்டுக்கு 12, அது ஓடவே ஓடாது.

கணக்கையும் ஆடுபவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு காப்ளினைக் கொன்றால் 5 அனுபவப் புள்ளி, அதுவும் எல்லாருக்கும் பங்கு. வெளியே கொண்டுவந்த புதையலில் ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. போர்வீரன் இரண்டாம் நிலைக்கு ஏற 2,000 வேண்டும், கொன்றே சேர்ப்பதென்றால் அவன் பங்குக்கு மட்டும் 400 காப்ளின். சண்டையைத் தவிர்த்துப் பொருளைத் தூக்குகிற ஆட்டம் இது என்று அப்போதுதான் புரியும்.

நேரத்தைத் தாளில் கட்டம் போட்டுக் குறியுங்கள். ஒரு 'டர்ன்' பத்து நிமிடம். பந்தம் ஆறு டர்ன், விளக்கு இருபத்துநாலு டர்ன் எரியும். ஐந்து டர்ன் நடந்தால் ஆறாவது ஓய்வு. இரண்டு டர்னுக்கு ஒருமுறை ஆறுமுகப் பகடை, 1 விழுந்தால் எங்கிருந்தோ ஏதோ வருகிறது. இந்தக் கட்டங்கள் இல்லாவிட்டால் ஒவ்வொரு கல்லையும் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்.

பி2-வை நடத்துவதற்கு முந்தைய நாள் ஒரு வேலை இருக்கிறது. அந்தக் கதையின் 'கீப்' என்கிற எல்லைக் கோட்டையில் உள்ள யாருக்கும் கைகாக்ஸ் பெயர் வைக்கவில்லை. கோட்டைத் தலைவர், மதுக்கடைக்காரர், பூசாரி என்று பதவி மட்டும்தான். பத்துப் பெயர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆடுபவர்கள் நாலு முதல் ஆறு பேர், ஆளுக்கு இரண்டு பாத்திரம் உருட்டி ஒன்றைக் கையிருப்பில் வைக்கச் சொல்லுங்கள். தொடக்கப் பணம் 3 ஆறுமுகப் பகடை உருட்டிக் கூட்டி பத்தால் பெருக்கியது, சராசரி 105 காசு. தகட்டுக் கவசம் 60 காசுதான், போர்வீரன் யோசிக்காமல் வாங்கலாம். மீதியில் கயிறு, எண்ணெய், ஒரு காசுக்கு ஆறு பந்தம். கட்டம் போட்ட தாளை ஒருவரிடம் கொடுத்து, கட்டத்துக்குப் பத்தடி என்று வரையச் சொல்லிவிட்டுக் குகை வாசலில் விடுங்கள்.