செம்பருத்தித் தொட்டியில் மண் இறுகிப்போனபோது

செங்கோட்டையில் எங்கள் மாடிச் செம்பருத்தி, சித்திரை வெயிலில் மொட்டு மொட்டாக உதிர்த்தது. ஊற்றிய வேகத்திலேயே தண்ணீர் அடித்துளை வழியாக ஓடியதால் மண் நனைந்துவிட்டது என்று நம்பிவிட்டேன். குச்சியைச் செருகினால் 2 அங்குலத்துக்குக் கீழ் இறங்கவில்லை. வெறும் செம்மண்ணை அமுக்கி நிரப்பியது நான்தான்! காய்ந்து சுருங்கிய மண்ணுக்கும் தொட்டிக்கும் நடுவே விழுந்த இடுக்கில் தண்ணீர் வழிந்தோடியிருக்கிறது.

தொட்டியைப் பெரிய வாளித் தண்ணீரில் குமிழி அடங்கும்வரை அமிழ்த்தினேன். பழைய குடைக்கம்பியால் ஓரமாகத் துளை போட்டு மணல் இறக்கினேன். அது தற்காலிகம்தான். ஆனிச் சாரல் தொடங்கியதும் செம்மண், மணல், உப்புப் போக இரண்டு தரம் அலசிய தேங்காய் நார்த்தூள், மக்கிய தொழுவுரம் எல்லாம் சம அளவில் கலந்து மாற்றி நட்டேன். வேர்மண்ணை முழுதும் உதிர்க்காமல் ஓரத்தை மட்டும் தளர்த்தினேன். ஆவணியில் மொட்டு உதிராமல் நின்றது. அம்மா பூஜைக்குப் பறிக்கிறாள். எனக்குத்தான் மனசு வரவில்லை.