கேரக்டர் ஆர்ட்டிஸ்டாக நிலைக்க விரும்புகிறவர்களுக்கு: நாடகம், சீரியல், சினிமா

ஹீரோவாக நினைப்பவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. பெண்ணுக்கு அப்பா, ஸ்டேஷன் ஏட்டு, வட்டிக்கு விடுகிறவர், பக்கத்து வீட்டு அக்கா, கோபக்கார பெரியம்மா என்று நாலு காட்சியோ பத்துக் காட்சியோ வந்துபோகிறவர்கள் இருக்கிறார்களே, அந்த வேலையை இருபது முப்பது வருடம் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன். எனக்குத் தமிழ் சினிமா பிடித்துப்போனதே அவர்களால்தான்.

வயதிலிருந்து ஆரம்பிக்கலாம். "முப்பத்தைந்து ஆகிவிட்டதே, இனிமேல் எப்படி?" என்று கேட்கிறவர்கள் நிறைய. டெல்லி கணேஷ் விமானப்படையில் பத்து வருடம் வேலை பார்த்தவர், டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்துக்கொண்டிருந்தவர், சினிமாவுக்கு வந்ததே முப்பதைத் தாண்டிய பிறகுதான், அப்புறம் 2024-இல் இறக்கும்வரை நானூறு படங்களுக்கு மேல் நடித்துவிட்டார். இன்னொரு பக்கம் வி.கே.ராமசாமி, 1947-இல் 'நாம் இருவர்' படத்தில் கிழவர் வேடம் போட்டபோது அவருக்கு இருபதைச் சற்றுத் தாண்டிய வயது. ஆக, உங்கள் நிஜ வயதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது, வாய்ப்பு வராத வருடங்களில் வாடகையை எப்படிக் கட்டுவது என்பதைத்தான். கையில் வேலை இருந்தால் அதை விட்டுவிட்டு வடபழனியில் அறை எடுக்காதீர்கள். ஷிஃப்டு வேலை, ட்யூஷன், கணக்கு எழுதுவது, வண்டி ஓட்டுவது, எதுவானாலும் சரி, நாளைக்கு ஷூட்டிங் என்று இன்று இரவு போன் வந்தால் லீவு கிடைக்கிற மாதிரி ஒரு வேலை வேண்டும். விஜய் சேதுபதி கூத்துப்பட்டறை என்ற சென்னை நாடகக் குழுவுக்குள் நுழைந்தது கணக்காளராகத்தான். 2010-இல் 'தென்மேற்கு பருவக்காற்று' வரும்வரை அவருக்குக் கிடைத்ததும் கண்ணில் பட்டும் படாமலும் போகிற சின்ன வேடங்கள்தான்.

அடுத்தது நாடகம். இதைத் தாண்டிக் குதித்துவிடலாம் என்று நினைக்கிறவர்களிடம் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே பேசுவேன். ந.முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் என்று எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் சும்மா நின்றாலே உடம்பில் ஒரு கவனம் தெரியும், அது பல வருடப் பயிற்சியில் வந்தது. முழுநேரமாகப் படிக்க முடியுமென்றால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறை, தேசிய நாடகப் பள்ளியின் பெங்களூர் மையம் எல்லாம் இருக்கின்றன. முடியாதா? சென்னையில் சபா நாடகக் குழுக்களில் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள்தான் நடிக்கிறார்கள், ஒத்திகை சாயங்காலம் நடக்கும். நேரில் போய் நாடகம் பாருங்கள், முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய்ப் பேசுங்கள். முதல் ஆறு மாதம் நாற்காலி தூக்கிப் போடச் சொன்னாலும் போடுங்கள், ஏனென்றால் அடுத்தவர் வசனத்தை மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்கும்போது உங்கள் காது தயாராகிறது. ஒருமுறையாவது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிற புரிசை கிராமத்துக்குப் போய்த் தெருக்கூத்தை விடிய விடிய உட்கார்ந்து பாருங்கள். மைக்கை நம்பாமல் குரலை எப்படி விடியும்வரை காப்பாற்றுகிறார்கள் என்று அங்கே தெரியும்.

அந்தக் காது சினிமாவில் எங்கே வேலைக்கு வருகிறது என்று சொல்கிறேன். காட்சி முழுவதையும் தள்ளி நின்று பிடிக்கிற மாஸ்டர் ஷாட் எடுத்து முடித்ததும் ஹீரோவின் தோளுக்குப் பின்னாலிருந்து உங்கள் முகத்தைப் பிடிப்பார்கள், அதற்கு சஜஷன் ஷாட் என்று பெயர். பல சமயம் அந்த ஷாட்டில் உங்களுக்கு வசனமே இருக்காது, ஹீரோ பேசுவார், நீங்கள் கேட்க வேண்டும், அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்கள் சொதப்புவது இங்கேதான், அவர் எப்போது முடிப்பார், நாம் எப்போது ஆரம்பிக்கலாம் என்று காத்துக்கொண்டிருப்பது முகத்தில் அப்படியே தெரிந்துவிடும். எடிட்டிங்கில் உங்களை ஒரு காட்சியில் வைத்திருப்பதும் தூக்குவதும் அந்த ரியாக்‌ஷனைப் பொறுத்தது. சில நேரம் எதிரில் நடிக்கிறவர் கிளம்பிப் போயிருப்பார், உதவி இயக்குநர் ஒருவர் பேப்பரைப் பார்த்து உணர்ச்சியே இல்லாமல் வசனம் படிப்பார், அதற்கும் நீங்கள் கண் கலங்க வேண்டும். வீட்டிலேயே பழகலாம்: ஒருவரை ஒரு பக்கம் வசனம் வாசிக்கச் சொல்லி, எதிரில் உட்கார்ந்து கேட்டு, அதை மட்டும் போனில் படம் பிடியுங்கள். எந்த வார்த்தையில் உங்கள் முகம் மாறுகிறது என்று பாருங்கள். எங்கேயும் மாறவில்லை என்றால் நீங்கள் கேட்கவே இல்லை. கூடவே கன்டினியூட்டியையும் பழகிக்கொள்ளுங்கள், மாஸ்டரில் எந்தச் சொல்லில் டம்ளரை எடுத்தீர்களோ க்ளோசப்பிலும் அதே சொல்லில் எடுக்க வேண்டும், இல்லையென்றால் எவ்வளவு நன்றாக நடித்திருந்தாலும் அந்த ஷாட்டைப் பயன்படுத்த முடியாது.

தொழில்களைக் கவனிப்பதும் நம் வேலைதான். பத்திரப் பதிவு ஆபீசில் எழுத்தர் ஸ்டாம்பு பேப்பரை எப்படிப் பிடிக்கிறார், கறிக்கடைக்காரர் பேசிக்கொண்டே எப்படி வெட்டுகிறார், ஏட்டு தொப்பியை எப்போது கழற்றுகிறார் என்று உட்கார்ந்து பாருங்கள். வட்டாரப் பேச்சில் உங்கள் சொந்த ஊர்ப் பேச்சை இழந்துவிடாமல் இன்னும் ஒன்றைச் சுத்தமாகக் கற்றுக்கொண்டால் போதும். நாலு ஊர்ப் பேச்சை அரைகுறையாகப் பேசுகிறவரை அந்தந்த ஊர்க்காரர்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சீரியலைக் கேவலமாகப் பேசாதீர்கள். ஒரே நாளில் பல காட்சிகள் எடுப்பார்கள், ஒருவர் பக்கத்திலிருந்து வசனத்தை எடுத்துக் கொடுக்கிற ப்ராம்ட்டிங் ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும், அதைக் காதில் வாங்கிக்கொண்டே முகம் மாறாமல் பேசுவது தனித் திறமை. மாதாமாதம் வருமானமும் வரும். ஆனால் ஒப்புக்கொள்ளும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: மாதத்தில் எத்தனை நாள் கால்ஷீட், தாடி மீசையை மாற்ற விடுவார்களா. சீரியலில் ஒரு கெட்டப்பில் மாட்டிக்கொண்டால் சினிமா வாய்ப்பு வரும்போது தலைமுடியைக்கூட வெட்ட முடியாது.

வாய்ப்பு எங்கிருந்து வரும்? என் அனுபவத்தில் இயக்குநரை நேராகப் பிடிக்க அலைவதைவிட உதவி இயக்குநர்களுடன் பழகுவதே பலன் தருகிறது. சின்ன வேடங்களுக்கு யாரைக் கூப்பிடலாம் என்ற பேச்சு வரும்போது பெயர் சொல்கிறவர்கள் அவர்கள்தான், நாளைக்குப் படம் இயக்கப் போகிறவர்களும் அவர்கள்தான். அவர்கள் எடுக்கிற குறும்படங்களில் நடியுங்கள். கார்த்திக் சுப்புராஜின் குறும்படங்களில் நடித்த விஜய் சேதுபதிதான் 2012-இல் கார்த்திக் இயக்கிய முதல் படமான 'பீட்சா'விலும் நடித்தார். போட்டோவுக்குப் பெரிய செலவு வேண்டாம். மேக்கப் இல்லாமல் பகல் வெளிச்சத்தில் நேராக ஒன்று, இரண்டு பக்கவாட்டில், முழு உருவம் ஒன்று, அப்புறம் பெயர், வயது, உயரம் சொல்லி ஒரு நிமிட வீடியோ. தாடியோடும் தாடி இல்லாமலும் எடுத்து வைத்துக்கொண்டால் நல்லது.

பணம் கேட்கிற ஆடிஷனுக்குப் போகாதீர்கள். ரிஜிஸ்ட்ரேஷன், போர்ட்ஃபோலியோ, யூனியன் கார்டு வாங்கித் தருகிறோம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. நடிக்கிறவருக்குத்தான் பணம் கொடுக்க வேண்டும். பெண்கள், முக்கியமாகப் புதிதாக வருகிறவர்கள், ஆடிஷன் ஆபீசில் நடக்கிறதா, எந்தக் கம்பெனி, யார் இருப்பார்கள் என்று முதலிலேயே கேளுங்கள், கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கூட யாரும் வரக்கூடாது என்று சொன்னால் அந்த இடமே வேண்டாம்.

சம்பளத்தை நாள் கணக்கில் பேசுகிறார்களா, மொத்தமாகப் பேக்கேஜா என்று முதல் நாளே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பேட்டா என்கிற தினப்படி தனியா, ஊர்ப் பயணச் செலவு யாருடையது, இதையெல்லாம் வாட்ஸ்ஆப்பிலாவது எழுத்தில் வாங்கி வையுங்கள். பாக்கியை டப்பிங்குக்கு முன்னால் கேட்டு வாங்குவது இந்தத் தொழிலின் பழக்கம், அதில் கூச்சம் வேண்டாம், டப்பிங் முடிந்த பிறகு கேட்க உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. பிடித்தம் செய்த வரிக்குக் கணக்குக் கேளுங்கள், வருடா வருடம் ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள், இல்லையென்றால் திரும்ப வர வேண்டிய பணம் அப்படியே போய்விடும். டப்பிங்கை நீங்களே பேசுவதாகவும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேறு குரலில் உங்கள் முகம் பாதி நடிகராகத்தான் தெரியும்.

ஒரே மாதிரி வேடம் வருகிறதே என்ற வருத்தம் எல்லோருக்கும் ஒருநாள் வரும். முதல் சில வருடம் அது வரமென்றே நினையுங்கள், "அந்த இன்ஸ்பெக்டரைக் கூப்பிடு" என்று சொல்லும் அளவுக்காவது ஞாபகத்தில் இருக்கிறீர்கள். எம்.எஸ்.பாஸ்கர் டப்பிங் கலைஞராக இருந்தவர், 'சின்னப் பாப்பா பெரிய பாப்பா' சீரியலில் பட்டாபியாக வீடு வீடாகத் தெரிந்தவர், அந்தச் சிரிப்பு முகத்தைத் தாண்டி 'எட்டுத் தோட்டாக்கள்' மாதிரி படங்களில் கனமான வேடம் செய்து, பிறகு 'பார்க்கிங்' படத்துக்காகச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது வாங்கினார். பெரிய படங்களில் உங்களுக்கு வேறு மாதிரி வேடம் கொடுக்கத் தயங்குவார்கள். அதனால் வருடத்துக்கு ஒன்றாவது புது இயக்குநரின் சின்னப் படத்திலோ நாடகத்திலோ உங்களை யாரும் பார்த்திராத ஒரு வேடத்தைச் சம்பளம் குறைவானாலும் செய்யுங்கள், அதில் ஒரு நல்ல காட்சியை வெட்டிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஒரு உதவி இயக்குநர் "சார், மறுபடியும் போலீஸ்தான்" என்று கூப்பிடும்போது, அந்த வேடத்தையும் ஒப்புக்கொண்டு, இந்தக் காட்சியையும் அவருக்கு அனுப்பி வையுங்கள்.