பழைய போனை வீட்டு சர்வர் ஆக்கினேன்: என் அனுபவம்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு அலமாரியில் சும்மா கிடந்த பழைய ஆண்ட்ராய்டு போன்தான் இப்போது குடும்பப் புகைப்படங்களையெல்லாம் காக்கிறது.

முதலில் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் (போன்களுக்கான ஒரு லினக்ஸ் இயங்குதளம்) போட்டு முழு லினக்ஸாக மாற்ற ஆசைப்பட்டேன். போன் தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடரின் பூட்டே திறக்கவில்லை. திறந்திருந்தாலும் அந்தந்த மாடலின் சிப்புக்கு ஏற்ற கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வேண்டும். கம்ப்யூட்டர் மாதிரி ஒரே லினக்ஸை எல்லாவற்றிலும் போட்டுவிட முடியாது. சரி என்று ஆண்ட்ராய்டை விட்டுவைத்து அதற்குள்ளேயே லினக்ஸ் நிரல்களை ஓட்ட உதவும் டெர்மக்ஸ் செயலியை நிறுவினேன்.

ரூட் (போனின் முழு நிர்வாக அனுமதி) இல்லாததால் 1024-க்குக் கீழே எண் உள்ள போர்ட்டுகள் (நெட்வொர்க் வாசல்கள்) கிடைக்காது. அதனால் வேறு கணினியிலிருந்து போனுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் 8022-இல் ஓடுகிறது. திரை அணைந்ததும் சர்வரும் தூங்கியதுதான் பெரிய தலைவலி. போனைத் தூங்கவிடாத வேக்லாக் போட்டு, பேட்டரி சிக்கனத்திலிருந்து டெர்மக்ஸுக்கு விலக்கு கொடுத்த பிறகே அந்தத் தொல்லை நின்றது.

அடுத்தது ஹார்ட் டிஸ்க். ஓடிஜி ஹப் (போனில் யுஎஸ்பி கருவிகளை மாட்ட உதவும் இணைப்பான்) வழியாக டிஸ்கை மாட்டினால் சார்ஜ் ஏறாது, சார்ஜரை மாட்டினால் டிஸ்க் தெரியாது. மூன்று ஹப் மாற்றிப் பார்த்தேன். இந்த போனின் வன்பொருளே அப்படி. அதனால் 128 ஜிபி மெமரி கார்டுக்கு மாறினேன். அதிலும் டெர்மக்ஸுக்கென்று உள்ள ஃபோல்டரில் மட்டுமே எழுத முடிகிறது. எனக்கு அது போதும்.

அப்புறம் வேலூர் வெயில்! அக்னி நட்சத்திரத்தில் பேட்டரி உப்பிவிட்டது. உப்பியதை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். கடையில் கொடுத்து மாற்றினேன். இப்போது டைமர் பிளக் வைத்து காலை, மாலை மட்டும் சார்ஜ் ஏற்றுகிறேன். பின்மூடியைக் கழற்றி, ஜன்னல் வெயில் படாத இடத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

கரண்ட் போனாலும் போன் ஓடுகிறது. ரவுட்டருக்குத்தான் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்க வேண்டியிருந்தது.