சீனாவுல ஆளில்லாத பழைய கிராமத்த டூரிசம் வச்சு மீட்கணும்னா

பெயின்ட், லாந்தர் எல்லாம் அப்புறம், மொதல்ல வீடு யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. அங்க கிராமத்து மனை ஊரோட கூட்டுச் சொத்து, சிட்டிக்காரங்க விலைக்கு வாங்க முடியாது, வாடகைக்குத்தான் எடுக்கலாம், அதுவும் ஒரு அக்ரிமென்ட்டுக்கு அதிகபட்சம் 20 வருஷம், அதனால ஷாங்காய் பக்கம் வேலைக்குப் போன ஓனர்கிட்ட பேசாம ஒரு செங்கல்லகூட தொடாதீங்க.

அடுத்து காசு யாருக்குப் போகுதுன்றது, இங்கதான் நெறைய ஊர் கவுந்துடுது. ஆன்ஹுய் மாகாணத்துல இருக்கற ஷிடி, ஹொங்சுன் ரெண்டும் 2000ல யுனெஸ்கோ லிஸ்ட்ல ஏறின ஊருங்க. ஷிடில ஊர் கம்பெனியே டிக்கெட் வித்துச்சு, ஹொங்சுன்ன 1997ல வெளி கம்பெனிகிட்ட விட்டாங்க, கூட்டம் எக்கச்சக்கமா வந்துச்சு, ஆனா டிக்கெட் காசுல பங்கு பத்தலன்னு ஊர்க்காரங்க ரொம்ப நாள் சண்டை போட்டாங்க. என்னைக் கேட்டா கூட்டம் கம்மியானாலும் பரவால்ல, கணக்கு ஊர் கையில இருக்கணும். ஷான்ஷி (Shaanxi) மாகாணத்துல யுவான்ஜியா கிராமத்துல தயிர், மிளகாப்பொடி மாதிரி தொழில்ல ஊர்க்காரங்களே ஷேர் போட்டிருக்காங்க, அது நல்ல வழி.

வர்றவங்களுக்கு என்ன காட்டறதுன்னு ரொம்ப யோசிக்காதீங்க, ஏற்கனவே நடக்கற தொழில காட்டுங்க. ஜெஜியாங் மாகாணத்துல சொங்யாங் பக்கம் ஷிங் கிராமத்துல ஆர்க்கிடெக்ட் ஷு டியன்டியன் ஒரு வெல்ல ஆலை கட்டினாங்க, சீசன்ல ஊர்க்காரங்க கரும்புச்சாறு காய்ச்சறத சுத்தி நின்னு பாக்கலாம், சீசன் முடிஞ்சா அதே எடம் ஊர் நிகழ்ச்சிக்கு.

ரூம் நாலஞ்சோட ஆரம்பிங்க. மர வீடுங்கறதால வயரிங்கையும் கழிவுநீர் குழாயையும் சரி பண்ணிட்டுதான் புக்கிங் எடுக்கணும்.