புது டயர் மாட்டியதும் வண்டி இழுக்கிறதா, உதறுகிறதா?

டயர் மாற்றி வெளியே வந்த வண்டி ஒரு பக்கம் இழுத்தாலும், ஸ்டீயரிங் உதறினாலும், ரோட்டில் மிதப்பதுபோல் இருந்தாலும் கடையில் வரும் பதில் ஒன்றுதான்: "அலைன்மென்ட் ஒரு தடவை பார்த்துடலாம் சார்." அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சீராக்குவது, சரிசெய்யக்கூடிய கோளாறுகள் கொஞ்சம்தான். வண்டி என்ன செய்கிறது, எந்த வேகத்தில் செய்கிறது, ஸ்டீயரிங்கில் தெரிகிறதா சீட்டில் தெரிகிறதா என்ற மூன்றையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

எல்லா வித்தியாசமும் கோளாறு அல்ல. கழற்றிய டயரில் பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டிகள்) 2 மி.மீ. மிச்சம் இருந்திருக்கும், புதியதில் 7, 8 மி.மீ. இருக்கும். உயரமான பட்டன் கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் ஸ்டீயரிங் மந்தமாகத் தெரியும். தொழிற்சாலையில் வார்ப்பு அச்சிலிருந்து எடுப்பதற்காகப் பூசிய வழுவழுப்பும் மேலே ஒட்டியிருக்கும். முதல் 300 கி.மீ. வரை மழையிலும் வளைவிலும் நிதானமாகப் போனால் இவை தாமாகப் போய்விடும். இழுப்பும் உதறலும் அப்படிப் போகாது. அவற்றுக்காகக் காத்திருப்பதில் டயர்தான் தேயும்.

முதலில் காற்று. ரிம்மில் டயரின் விளிம்பு உட்காருவதற்காக 40 பி.எஸ்.ஐ. வரை ஏற்றுவார்கள், அப்புறம் குறைக்க மறந்துவிடுவதும் உண்டு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள அளவுதான் கணக்கு. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அதிகபட்ச அளவு. வண்டி 3 மணி நேரம் நின்ற பிறகு பாருங்கள். ஓடிச் சூடான டயர் 4 பி.எஸ்.ஐ. வரை கூடுதலாகக் காட்டும். முன் இரண்டுக்கும் இடையே 4, 5 பி.எஸ்.ஐ. வித்தியாசம் இருந்தாலே காற்று குறைந்த பக்கம் வண்டி போகும். நான்கிலும் அதிகமாக இருந்தால் மேடு பள்ளத்தில் துள்ளும், வேகத்தில் மிதக்கும். (நைட்ரஜன் நிரப்பினால் ஓட்டம் மாறும் என்பதை நம்ப வேண்டாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.)

அடுத்து, டயரின் பக்கவாட்டை ஒரு சுற்று படியுங்கள். ரொட்டேஷன் என்று அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். அவுட்சைடு என்று எழுதியிருந்தால் அது வெளியே தெரிய வேண்டும். ரிம்மை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு வட்டமாக ஓடும். ரிம்முக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லையென்றால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் பூசி மறுபடி உட்கார வைக்க வேண்டும். அதை விட்டுவிட்டு எத்தனை தடவை பேலன்ஸ் செய்தாலும் (ஈயக்கட்டி வைத்துச் சக்கரத்தின் எடையைச் சமன்செய்தாலும்) உதறல் நிற்காது.

உதறல் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் தொடங்கி 110க்குள் உச்சத்துக்குப் போனால் அது பேலன்சிங். ஸ்டீயரிங் ஆடினால் முன்சக்கரம். ஸ்டீயரிங் அமைதியாக இருந்து சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரம். ரிம்மின் உள்பக்கம் காய்ந்த சேறு இருந்தாலோ, மெஷினில் ரிம் அளவைத் தப்பாகக் கொடுத்திருந்தாலோ திரையில் பூஜ்யம் காட்டினாலும் ரோட்டில் உதறும். ஒட்டும் ஈயக்கட்டி ஒன்று உதிர்ந்தாலும் அப்படித்தான். ரிம்மில் பழைய பசைத் தடம் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

30, 40 கி.மீ. வேகத்திலேயே ஸ்டீயரிங் இடமும் வலமும் அசைந்தால் பேலன்சிங்கைத் தேட வேண்டாம். நெளிந்த ரிம், அல்லது டயரின் உள்ளே பெல்ட் (பட்டனுக்கு அடியில் சுற்றியிருக்கும் கம்பிப் பட்டை) கோளாறு. ஜாக்கியில் தூக்கி, பக்கத்தில் ஒரு ஸ்குரூ டிரைவரை அசையாமல் பிடித்து, சக்கரத்தைச் சுற்றினால் எது ஆடுகிறது, ரிம்மா டயரா என்று கண்ணுக்கே தெரியும்.

வெளியே வாங்கிய அலாய் வீலில் நடுத்துளை, வண்டியில் சக்கரம் பொருந்தும் ஹப்பைவிடப் பெரிதாக இருக்கும். இடையில் போட்டிருந்த பிளாஸ்டிக் வளையம் டயர் மாற்றும்போது விழுந்து தொலைந்திருந்தால் சக்கரம் மையத்தில் உட்காராது. மெஷினில் சரியாக இருந்து வண்டியில் மட்டும் உதறுகிற வீல்களில் முதலில் இதைத்தான் தேட வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் உதறினால் நட்டைச் சந்தேகியுங்கள். காற்றுத் துப்பாக்கியால் கண்டபடி முறுக்கினால் பிரேக் டிஸ்க் லேசாக நெளியும். தளர்த்திவிட்டு, ஒன்றுக்கு எதிரே இன்னொன்று என்ற வரிசையில், டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்க வேண்டும். சிறிய கார்கள் பலவற்றுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர்; சரியான எண் வண்டியின் கையேட்டில் இருக்கும். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு இன்னொரு முறை பாருங்கள்.

இனி இழுப்பு. தண்ணீர் வடிவதற்காக நம் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். அதனால் இடது பக்கம் லேசாகப் போவது இயல்பு. வலது பக்கம் இழுத்தாலோ, காலியான சமதளத்திலும் இடது பக்கமே போனாலோதான் கோளாறு.

காற்று சரியாக இருந்தும் இழுத்தால், காசில்லாத ஒரு சோதனை உண்டு: முன்சக்கரங்கள் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போட்டு அதே சாலையில் ஓட்டுங்கள். இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினால் குற்றவாளி டயர். உள்ளே பெல்ட் நடுவிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தால் டயர் கூம்பு மாதிரி நடந்துகொள்ளும். டீக்கடை பேப்பர் கப்பைத் தரையில் உருட்டினால் வளைந்து ஓடுமே, அதே கதை. எந்த அலைன்மென்டும் இதைத் தீர்க்காது. இழுப்பு மாறவேயில்லை என்றால் டயர் நிரபராதி. அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் இடம் வலம் மாற்றக் கூடாது. அதே பக்கத்தின் முன்னையும் பின்னையும் மாற்றிப் பாருங்கள். இழுப்பு நின்றுவிட்டால் பின்னே போன டயர்தான் காரணம்.

டயர் இல்லையென்று தெரிந்த பிறகே அலைன்மென்ட். அங்கும் ஒரு விஷயம்: நம் சிறிய கார்களில் பெரும்பாலும் முன்சக்கர டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மட்டும்தான் திருப்பி மாற்ற முடியும். டோ தப்பாக இருந்தால் வண்டி நேராகப் போகும், ஸ்டீயரிங் மட்டும் கோணலாக நிற்கும், டயர் ரம்பப் பல்லாகத் தேயும். இழுப்பை உண்டாக்குவது கேம்பரும் (சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்திருக்கும் கோணம்) காஸ்டரும் (சக்கரம் திரும்பும் அச்சு முன்னோ பின்னோ சாய்ந்திருக்கும் கோணம்). அலைன்மென்ட் மெஷினின் பிரிண்ட் வாங்கி இவற்றின் இடது, வலது எண்களைப் பாருங்கள். வித்தியாசம் அரை டிகிரிக்கு மேல் என்றால் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம், புஷ், ஸ்ட்ரட் ஆகியவற்றில் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது. எண்கள் சரி என்றால், பிரேக் அதிகம் பிடிக்காமல் 10 கி.மீ. ஓட்டிவிட்டு முன் ரிம்கள் அருகே கையை நீட்டுங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கம் பிரேக் டிஸ்கைக் கவ்வும் கேலிப்பரின் வழுக்குக் கம்பி சிக்கியிருக்கிறது.

நேராக நிற்காமல் அலையும் வண்டியை ஜாக்கியில் தூக்கி, தாங்கி வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் சக்கர பேரிங் அல்லது பால் ஜாயின்ட் (சக்கரத்தை லோயர் ஆர்மோடு இணைக்கும் குமிழ் மூட்டு). பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராடு எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை). மொட்டை டயரில் தெரியாமல் கிடந்த ஆட்டம், பிடிப்பு கூடியதும் வெளியே வரும்.

இரண்டு டயர் மட்டும் வாங்கியிருந்தால் புதியவை பின்னால் போக வேண்டும், முன்சக்கரம் இழுக்கும் வண்டியானாலும். தேய்ந்தவை பின்னே இருந்தால் மழைத் தண்ணீரில் பின்பக்கம்தான் முதலில் வழுக்கும். முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் போனால் வண்டி சுற்றிவிடும்.

மாற்றிப் போட்டதில் டயர்தான் கோளாறு என்று உறுதியானால் பில்லோடு உடனே கடைக்குப் போங்கள். தேய்ந்த பட்டனுக்குக் கழித்துக்கொண்டுதான் ஈடு தருவார்கள். ஓட்ட ஓட்ட அந்தத் தொகை குறையும்.