மாநகராட்சி பட்ஜெட்டும் சொத்து வரியும் எப்படி முடிவாகின்றன? வடசென்னைக்காரர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

மழை பிடித்துக்கொண்டால் கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் ஒரே பேச்சுதான்: "வரி கட்டுகிறோமே, அந்தப் பணமெல்லாம் எங்கே போகிறது?" நியாயமான கேள்வி. ஆனால் முழங்கால் தண்ணீரில் நின்று கேட்டால் அந்த வருடத்துக்குப் பலன் குறைவு. அந்த நிதியாண்டின் பணம் முந்தைய மார்ச்சிலேயே பங்கு பிரிக்கப்பட்டிருக்கும். பங்கு பிரிப்பது எப்படி, வரி விகிதம் எங்கிருந்து வருகிறது, நாம் எந்த இடத்தில் உள்ளே நுழைந்து பேச முடியும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். கணக்குப் படித்திருக்க வேண்டும் என்றில்லை. கூட்டல், கழித்தல், சதவீதம் தெரிந்தால் போதும்.

படி 1: வரி ரசீதைக் கையில் எடுங்கள்

சொத்து வரி ரசீதில் உங்கள் வீட்டுக்கு ஒரு நீண்ட எண் இருக்கும். முதலில் மண்டலம், அடுத்தது கோட்டம் (அதாவது வார்டு), பிறகு பில் எண், கடைசியில் துணை எண். திருவொற்றியூர் 1, மணலி 2, மாதவரம் 3, தண்டையார்பேட்டை 4, ராயபுரம் 5, திரு.வி.க. நகர் 6. மாநகராட்சியின் மண்டலங்களில் வடசென்னை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த ஆறுதான்.

வரி ஆண்டுக்கு இரண்டு தவணை: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. கட்டும் தொகைக்குள்ளேயே மாநகராட்சிப் பள்ளிகளுக்கான கல்வி வரியும் நூலக வரியும் அடக்கம்.

குடிநீர், கழிவுநீர் வரி இதில் சேராது. அது சென்னைக் குடிநீர் வாரியத்துக்குப் போகிறது, ஆண்டு மதிப்பில் (கட்டடத்தின் வாடகை மதிப்பை வைத்துப் போடும் கணக்கு, படி 4-இல் வருகிறது) 7 சதவீதம். வாரியத்தின் பட்ஜெட் வேறு, மாநகராட்சியின் பட்ஜெட் வேறு. தெருவிளக்கு, குப்பை, உட்புறச் சாலை, மழைநீர் வடிகால் ஆகியவை மாநகராட்சி வேலை. பாதாளச் சாக்கடை வாரியத்தின் வேலை. பக்கிங்காம் கால்வாயும் ஓட்டேரி நல்லாவும் நீர்வளத் துறையின் பொறுப்பு. சாக்கடை பொங்குகிறது என்று மாநகராட்சி பட்ஜெட்டில் தேடினால் கிடைக்காது. பாதி மனுக்கள் தப்பான வாசலில் போய் நிற்பது இதனால்தான்.

படி 2: செலவிலிருந்து தொடங்குங்கள்

பட்ஜெட் என்றதும் வரவிலிருந்து யோசிப்பது வீட்டுப் பழக்கம். சம்பளம் இவ்வளவு, அதற்குள் குடும்பம் நடக்க வேண்டும். உள்ளாட்சியில் கணக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. என்னென்ன செய்தாக வேண்டும், அதற்கு எவ்வளவு ஆகும், வெளியிலிருந்து எவ்வளவு வரும், மீதியை யார் ஏற்பது என்று போகிறது. அந்த மீதியில் பெரும் பங்கைச் சுமப்பதுதான் சொத்து வரி.

ஒரு சின்ன நகராட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். ஆண்டுச் செலவு 100 கோடி ரூபாய். மாநில நிதி ஆணையப் பங்கு, மத்திய நிதி ஆணைய மானியம், பத்திரப்பதிவின்போது வசூலாகும் முத்திரைத் தீர்வையின் கூடுதல் பங்கு, தொழில் வரி, கடை வாடகை, உரிமக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 70 கோடி. துண்டு விழுவது 30 கோடி. ஊரில் உள்ள எல்லாக் கட்டடங்களின் ஆண்டு மதிப்பையும் கூட்டினால் 150 கோடி என்று வையுங்கள். 150-இல் 30 என்பது 20 சதவீதம். அதுதான் தேவைப்படும் வரி விகிதம்.

இத்துடன் கணக்கு முடிந்துவிடவில்லை. எல்லாரும் ஒழுங்காகக் கட்டினால்தான் 20 சதவீதம் போதும். நூறு ரூபாய் கேட்டால் எண்பதுதான் வசூலாகும் ஊரில் 30 கோடி கைக்கு வர 37.5 கோடிக்கு பில் போட வேண்டும். அப்போது விகிதம் 25 சதவீதம். அந்தக் கூடுதல் 5 சதவீதப் புள்ளியும் நேரத்துக்குக் கட்டுகிறவர் தலையில்தான் விழுகிறது. ஆகவே வரி உயர்வு பற்றிப் பேச்சு எழும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "ஏன் உயர்த்துகிறீர்கள்?" அல்ல. "நிலுவை எவ்வளவு, பெரிய நிலுவைதாரர்கள் யார், வசூலிக்க என்ன செய்தீர்கள்?" என்பதுதான். இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனாலே பேச்சு வேறு தளத்துக்கு நகர்கிறது.

படி 3: விகிதத்தை உண்மையில் யார் தீர்மானிக்கிறார்கள்?

மேலே சொன்னது கணக்கின் தர்க்கம். நடைமுறையில் கவுன்சிலர்கள் கூடும் மாமன்றத்தின் கை அவ்வளவு தாராளமானதல்ல. வரி போடும் அதிகாரத்தை உள்ளாட்சிக்குக் கொடுப்பதும் அதற்கு எல்லை வகுப்பதும் மாநிலச் சட்டம். அரசியலமைப்பின் 243எக்ஸ் பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

அண்மை வரலாற்றையே பாருங்கள். 2018-இல் சொத்து வரி உயர்த்தப்பட்டது. 2019 நவம்பரில் மாநில அரசே அதை நிறுத்தி வைத்தது. இரண்டும் நடந்த காலத்தில் சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. 2016 இறுதியிலிருந்து 2022 தொடக்கம் வரை அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சிதான். பிறகு 15-வது நிதி ஆணையம் ஒரு நிபந்தனை வைத்தது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதாரம் வளரும் வேகத்துக்கு வரி வசூலும் வளர வேண்டும், அப்போதுதான் நகர உள்ளாட்சிகளுக்கு மானியம். அதைக் காரணம் காட்டி 2022 ஏப்ரலில் மாநில அரசு உயர்வை அறிவித்தது. மாமன்றம் பிறகு தீர்மானம் போட்டது. 2024-இல் 6 சதவீத உயர்வு வந்தது, அந்த நிதியாண்டின் இரண்டாம் அரையாண்டிலிருந்து.

எனவே விகிதத்தைப் பற்றிய குரல் சட்டமன்ற உறுப்பினரிடமும் போக வேண்டும். கவுன்சிலரை மட்டும் பிடித்து உலுக்குவதில் பயன் இல்லை. கவுன்சிலரிடம் வலுவாகக் கேட்க வேண்டியது செலவைப் பற்றி.

படி 4: உங்கள் வீட்டுக் கணக்கைச் சரிபாருங்கள்

அடிப்படை முறை இதுதான்: கட்டடப் பரப்பு சதுர அடியில், தெருவுக்கு நிர்ணயித்த அடிப்படை வாடகை விகிதம், இரண்டையும் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு. கட்டடத்தின் வயதுக்கும் சொந்தக் குடியிருப்புக்கும் கழிவு உண்டு. அதிலிருந்து ஆண்டு மதிப்பு, அதன்மேல் வரி.

2022 உயர்வு எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. குடியிருப்புகளுக்குப் பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடி வரை 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150. 2011-இல் இணைந்த பகுதிகளில் இவை முறையே 25, 50, 75, 100. தண்டையார்பேட்டை பழைய பகுதி. திருவொற்றியூர், மணலி, மாதவரம் இணைந்த பகுதிகள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தண்டையார்பேட்டையில் 800 சதுர அடி வீடு, அரையாண்டு வரி முன்பு 800 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 சதவீத உயர்வுக்குப் பின் 1,400. அதன்மேல் 6 சதவீதம், அதாவது 84 ரூபாய் சேர்த்தால் 1,484. இதே வீடு, இதே பழைய வரி, திருவொற்றியூரில் இருந்திருந்தால் 1,200, பிறகு 1,272. உங்கள் பழைய ரசீதை வைத்து இதே போல் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால், பதிவில் உள்ள சதுர அடியும் பயன்பாடும் சரியா என்று பாருங்கள். மூடிவிட்ட கடை இன்னும் வணிகப் பயன்பாடு என்றே பதிவில் இருந்தால் வரி கூடத்தான் செய்யும். அளவு விவரங்களோடு மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள்.

படி 5: பட்ஜெட் புத்தகத்தில் இரண்டே இடத்தைப் பாருங்கள்

புத்தகம் தடிமனாக இருக்கும், பயப்பட வேண்டாம். ஒன்று, வருவாய்க் கணக்கும் மூலதனக் கணக்கும் பிரியும் இடம். சம்பளம், ஓய்வூதியம், குப்பை அள்ளுவது, விளக்குப் பராமரிப்பு, வட்டி எல்லாம் வருவாய்க் கணக்கு. புது வடிகால், புதுப் பள்ளிக் கட்டடம், பாலம் எல்லாம் மூலதனக் கணக்கு. 2025-26 பட்ஜெட்டில் வருவாய் வரவு சுமார் 5,145 கோடி, வருவாய்ச் செலவு சுமார் 5,214 கோடி. அன்றாடச் செலவுக்கே துண்டு விழுகிறது என்றால், புது வேலைக்குப் பணம் கடனாகவோ மானியமாகவோதான் வர வேண்டும்.

வடசென்னைக்கு இது மிக முக்கியம். கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதியில் போடப்படும் மழைநீர் வடிகால் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுதவியில் நடக்கும் திட்டம், மதிப்பு 3,220 கோடி. 2023-இல் மாநில பட்ஜெட்டில் 1,000 கோடியில் அறிவிக்கப்பட்ட வடசென்னை வளர்ச்சித் திட்டமும் நம் சொத்து வரிப் பணம் அல்ல. வடிகாலைக் கடனில் கட்டலாம். ஆனால் அதில் ஆண்டுதோறும் தூர்வாருவது வருவாய்க் கணக்கில் வர வேண்டும், அதற்குத்தான் நம் வரி. அதனால் புது வடிகால் அறிவிப்பைவிடப் பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகையைத்தான் நான் முதலில் தேடுவேன்.

இரண்டாவது, எண்கள் நிற்கும் பத்திகள். ஒவ்வொரு தலைப்புக்கும் முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டின் பட்ஜெட் மதிப்பீடு, அதன் திருத்திய மதிப்பீடு, அடுத்த ஆண்டு மதிப்பீடு என்று பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மதிப்பீட்டில் 10 கோடி, திருத்தியதில் 4 கோடி, அடுத்த ஆண்டுக்கு மறுபடியும் 10 கோடி என்று ஒரு தலைப்பு இருந்தால் பேனாவால் வட்டம் போடுங்கள். அறிவிப்பு வருகிறது, வேலை நடக்கவில்லை என்று அர்த்தம்.

படி 6: சரியான மாதத்தில் கேளுங்கள்

பட்ஜெட் மாமன்றத்தில் வைக்கப்படுவது பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில். துறைகள் தங்கள் தேவையைத் திரட்டுவது அதற்கு முன்பே. ஆகவே நமக்கான காலம் அக்டோபர் முதல் ஜனவரி வரை. மழையும் அப்போதுதான், ஆதாரமும் கண் முன்னால் இருக்கும்.

2022-இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டுக்கும் வார்டு குழுவும், அதற்குக் கீழே பகுதி சபைகளும் உண்டு. பகுதி சபை கூடும் நாட்கள் ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. பட்ஜெட்டுக்கு உதவும் கூட்டங்கள் டிசம்பரும் ஜனவரியும்.

"எங்கள் தெருவில் தண்ணி நிக்குது, ஏதாவது பண்ணுங்க" என்று எழுதிக்கொடுத்தால் அது பட்ஜெட்டில் ஏறாது. தெருப்பெயர், எந்த வீட்டு எண்ணிலிருந்து எதுவரை, தோராயமாக எத்தனை மீட்டர், வடிகால் எங்கே அறுந்து நிற்கிறது, தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று எழுதுங்கள். தேதி தெரியும் புகைப்படம் இரண்டு வையுங்கள். உதவிப் பொறியாளர் அதை வைத்து மதிப்பீடு போட முடியும். மதிப்பீடு இருந்தால்தான் எண் வரும். எண் இருந்தால்தான் பட்ஜெட்டில் இடம். சின்ன வேலை என்றால் கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதியிலேயே முடித்துவிடலாம்.

மனு கொடுத்து இரண்டு மாதம் சத்தமில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்பாக ஒட்டலாம். கேள்வி சின்னதாக இருக்கட்டும்: "இந்த வேலைக்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டதா? ஆம் எனில் நகல் தருக."

ஏப்ரல் பிறந்ததும் இரண்டு வேலை பாக்கி. அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் வரி கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. வரியைக் கட்டிவிட்டு, ரசீது நகலோடும் டிசம்பரில் கொடுத்த மனுவின் நகலோடும் ஏப்ரல் 14 பகுதி சபைக்குப் போங்கள். உங்கள் தெரு இந்த ஆண்டு எந்தத் தலைப்பில், எவ்வளவு தொகையில் வந்திருக்கிறது என்று கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.